போடிமெட்டு ஏறும் சின்னக் கார்

தேனி மாவட்டத்தில் கார் வாங்குபவர், இரண்டு வண்டிகள் செய்ய வேண்டிய வேலையை ஒரே வண்டியிடம் எதிர்பார்க்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை அது சமவெளிக் கார். சின்னமனூரிலிருந்து தேனிக்கு, உத்தமபாளையத்திலிருந்து பெரியகுளத்துக்கு, மாதம் ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரிக்கு. சனிக்கிழமை வந்தால் அதே வண்டி மலையேற வேண்டும். ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் போடிமெட்டு அல்லது கம்பம்மெட்டு. மற்றவர்களுக்குக் குமுளி, மூணாறு, மேகமலை. மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் எந்தத் திசையில் போனாலும் கொஞ்ச நேரத்தில் ஏற்றம் வந்துவிடும். சென்னையிலோ திருச்சியிலோ இருப்பவருக்குச் சொல்லும் கார் யோசனை இங்கே அப்படியே பொருந்தாததற்கு முதல் காரணம் இதுதான்.

ரயிலை நம்பிக் காரைத் தள்ளிப்போடவும் வழியில்லை. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டது. அகலப்பாதையில் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் திரும்பி வந்தது. ஆனால் சின்னமனூர், கம்பம், கூடலூர் வழியாக லோயர் கேம்ப் வரை நீளும் பள்ளத்தாக்கின் பெரும்பகுதிக்குத் தண்டவாளமே கிடையாது. பஸ், ஜீப், இரு சக்கர வண்டி, அதற்கடுத்து கார் என்பதுதான் குடும்பங்கள் ஏறிவரும் வரிசை. அந்தக் கடைசிப் படியில் கால் வைப்பவருக்கு மூன்று ஆசைகள் உண்டு: விலை கைக்கு அடங்க வேண்டும், பெட்ரோல் குறைவாகக் குடிக்க வேண்டும், ஓட்டும்போது மனதுக்குப் பிடிக்க வேண்டும். மூன்றும் ஒரே வண்டியில் கிடைக்குமா என்றால், கிடைக்கும். எதை வைத்து அளப்பது என்பதில்தான் பலரும் வழி தவறுகிறார்கள்.

ஷோரூமில் எழும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" பதிலும் தயாராக இருக்கும். மாருதி ஆல்ட்டோ கே10 மேனுவலுக்கு 24.39 கிலோமீட்டர். வேகன் ஆர் 1.0க்கு 24.35. ஏ.எம்.டி. எனும் தானியங்கி கியர் கொண்ட செலெரியோவில் ஒரு வகைக்கு 26.68. 2024 மே மாதம் வந்த புதிய ஸ்விஃப்ட் மேனுவலுக்கு 24.80. இவை பொய்யான எண்கள் இல்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில், உருளைமேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, வகுத்து வைத்த ஒரே ஓட்ட முறையில் எடுத்த எண்கள். அந்த ஓட்டத்தில் வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது. ஏற்றம் கிடையாது, ஏ.சி. கிடையாது, பின்சீட்டில் மூன்று பேர் கிடையாது. சாலையில் கவனமாக ஓட்டினால் இதில் முக்கால் பங்கு முதல் ஐந்தில் நாலு பங்கு வரை எதிர்பார்க்கலாம்.

மலையில் என்ன ஆகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; போடிமெட்டு சுமார் 1,370 மீட்டர். இடையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகள். நாலு பேரும் சாமானும் ஏறிய ஒரு சின்னக் காரின் மொத்த எடையை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 12 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது என்றாலும் எஞ்சின் அதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும். ஆகவே உயரத்துக்கு மட்டுமே ஒன்றரை லிட்டர். 25 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆகும் ஒன்றேகால் லிட்டர் தனி. கூட்டினால் இரண்டே முக்கால் லிட்டர். அதாவது லிட்டருக்கு 9 கிலோமீட்டர். ஷோரூமில் 24 என்று கேட்டு வாங்கிய வண்டி, பழுது ஒன்றும் இல்லாமலே, மலையில் 9 கொடுக்கும். மலையேறி வந்து "வண்டி பெட்ரோல் குடிக்கிறது" என்று மெக்கானிக்கிடம் போய் நிற்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இறங்கும்போது அதில் பாதி திரும்பிவிடுகிறது. இன்றைய எஞ்சின்களில் கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்ரோல் போவதையே கணினி நிறுத்திவிடும். வண்டியின் வேகமே எஞ்சினைச் சுற்ற வைக்கும்; எஞ்சின் வண்டியைப் பிடித்து வைக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் உருட்டினால் எஞ்சின் சும்மா ஓடுவதற்குப் பெட்ரோல் செலவாகும். பிரேக் முழுவதும் சூடேறும். பதினேழு வளைவுகள் இறங்கும் சாலையில் இது உயிருக்கே ஆபத்து. இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே மலையடிவாரத்தில் உள்ள முந்தல் வரை இறங்கினால் போக வர லிட்டருக்கு 15, 16 என்று கணக்கு சரியாகிவிடும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, எடை குறைந்த கார் மலையில் பெட்ரோலை உண்மையாகவே மிச்சப்படுத்தும். ஒவ்வொரு 100 கிலோவும் தூக்கிக்கொண்டு போக வேண்டிய சுமை. இரண்டு, விளம்பரத்தில் உள்ள 24க்கும் 26க்கும் இடையிலான வேறுபாடு இங்கே வரும் ஏற்ற இறக்கத்தில் கரைந்து போகும்.

ரூபாயில் பார்த்தாலும் அப்படித்தான். வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பத்துக்கு, லிட்டருக்கு 25 கொடுக்கும் காரில் 480 லிட்டர் ஆகும். 23 கொடுக்கும் காரில் 522 லிட்டர். வேறுபாடு 42 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்க்குச் சற்று மேல் என்று கொண்டால் வருடத்துக்கு 4,200 ரூபாய் சொச்சம், மாதம் 350 ரூபாய். இதற்காகப் பிடிக்காத வண்டியை வாங்கிப் பத்து வருடம் ஓட்ட வேண்டியதில்லை. 20க்கும் 14க்கும் இடையே தேர்வு என்றால் பேச்சு வேறு. அங்கே வருடத்துக்கு 25,000 ரூபாய் வேறுபடும். ஆனால் இன்றைய சின்னக் கார்களில் அப்படியொரு பள்ளம் கிடையாது. எல்லாம் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட நிற்கின்றன. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் எல்லா பங்க்கிலும் வந்துவிட்டதால், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் 3 முதல் 6 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025இல் சொல்லியிருக்கிறது. பழைய கார் வாங்குபவர் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 அன்று சின்னக் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள் என்பது நிபந்தனை. அதற்கு முன் செஸ் சேர்த்து 29 சதவீதம் இருந்தது. குறைப்பை ஒட்டி அறிவிக்கப்பட்ட ஷோரூம் விலைகளில், எஸ்-பிரஸ்ஸோ மூன்றரை லட்சத்தில் தொடங்கியது. ஆல்ட்டோ கே10 3.70 லட்சம், ஒரகடத்தில் தயாராகும் ரெனோ க்விட் 4.30 லட்சம், டாடா டியாகோ 4.57 லட்சம், செலெரியோ 4.70 லட்சம், வேகன் ஆர் ஐந்து லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைவு. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வரும் ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸ் ஐந்தரை லட்சத்தை ஒட்டி, ஸ்விஃப்ட் 5.79 லட்சம். இவை எல்லாம் அடிப்படை வகைகளுக்கான விலை. இதன்மேல் தமிழ்நாட்டுச் சாலை வரி: 2023 நவம்பர் முதல் ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13 சதவீதம். இன்சூரன்ஸும் சேர்ந்து ஆன்-ரோடு விலையாகும்போது, மூன்றே முக்கால் லட்சம் என்று நினைத்துப் போனவர் நாலரை லட்சத்தை நெருங்கிக் கையெழுத்துப் போடுவார்.

ஆல்ட்டோவுக்கும் ஸ்விஃப்ட்டுக்கும் இடையே இரண்டு லட்சத்துக்கு மேல் வேறுபாடு. அந்த இரண்டு லட்சத்தை ஐந்து வருடக் கடனாக வாங்கினால், ஒன்பதரை சதவீத வட்டியில் மாதம் 4,200 ரூபாய் தவணை. சமவெளியில் பெட்ரோல் செலவு அநேகமாக வேறுபடாது; அறிவிக்கப்பட்ட மைலேஜ் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே, சொல்லப்போனால் ஸ்விஃப்ட்டுக்குத்தான் ஒரு மயிரிழை கூட. ஆகவே சின்னக் காரில் சின்னதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் பெட்ரோல் ஆகாது. வாங்கும் விலையும் தவணையும்தான் காரணம். கொடுத்த கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

அங்கேதான் மூன்றாவது ஆசை வருகிறது, ஓட்டும் சுகம். இதைப் பணக்காரர் விஷயம் என்று நம்மூரில் ஒதுக்கிவிடுகிறார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. 1956இல் சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. குறைவாகக் குடிக்கும் சின்னக் கார் வேண்டும் என்று அலெக் இஸிகோனிஸ் வரைந்த மினி 1959இல் வெளிவந்தது. சிக்கனத்துக்காகப் பிறந்த அந்தப் பத்தடி நீள வண்டிதான் ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் நடக்கும் மான்டி கார்லோ ராலியை 1964, 1965, 1967 ஆண்டுகளில் வென்றது. நேர்ச்சாலையில் அதைத் தாண்டிப் போகும் பெரிய எஞ்சின் கார்கள், பனி படிந்த கொண்டை ஊசி வளைவுகளில் பின்தங்கின. வளைந்து வளைந்து போகும் சாலையில் எடைக் குறைவும் சட்டென்று திரும்பும் முன்பக்கமும் குதிரைத்திறனைவிடப் பெரிய சொத்து.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இன் எஞ்சின் 796 சி.சி.தான், குதிரைத்திறன் நாற்பதுக்கும் கீழே. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் அந்த எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்த வகை, இந்தியப் பந்தய ஓட்டுநர்களின் ஒரு தலைமுறைக்கே பள்ளிக்கூடமாக இருந்தது. செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குடும்பஸ்தர்கள் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டிப் போன அதே எஞ்சின்தான் அது.

அந்த 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. மலைக்கிராமங்களில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், 650 கிலோ எடைக்கு அந்தச் சின்ன எஞ்சினே போதுமானதாக இருந்ததுதான் காரணம். எடையோடு சேர்த்துப் பார்க்கும் இந்தக் கண்ணோட்டத்தை இன்றைய கார்களுக்கும் பொருத்தலாம். ஆல்ட்டோ கே10: 67 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 750 கிலோ, டன்னுக்கு 89. ஸ்விஃப்ட்: 82 குதிரைத்திறன், 920 கிலோ, அதற்கும் டன்னுக்கு 89. நியோஸும் டியாகோவும் அதே அக்கம்பக்கத்தில். ஆளில்லாத வண்டியாக எல்லாம் சமம்தான். ஆனால் மலைக்கு யாரும் ஆளில்லாமல் போவதில்லை. நாலு பேருக்கு 280 கிலோவைக் கூட்டினால் ஆல்ட்டோ 65க்கு இறங்குகிறது, ஸ்விஃப்ட் 68இல் நிற்கிறது. 1.2 லிட்டர் எஞ்சின் பொருத்திய வேகன் ஆர் மட்டும் தனியாக மேலே நிற்கிறது: 90 குதிரைத்திறன், சுமார் 840 கிலோ, ஆளேறிய பிறகும் டன்னுக்கு 80.

வேகன் ஆரை ஓட்டும் சுகத்துக்காக யாரும் பார்ப்பதில்லை. பெட்டி மாதிரியான உடம்பு, உயரமான கூரை, 341 லிட்டர் டிக்கி என்று அதன் புகழெல்லாம் வேறு. ஆனால் அதன் 1.2 வகையை முந்தல் தாண்டி மேலே ஓட்டுபவருக்கு நாலு சிலிண்டர் எஞ்சினின் அருமை தெரியும். கொண்டை ஊசி வளைவுக்குள் வேகம் பத்துப் பதினைந்துக்குக் குறைந்து, வளைந்து முடிந்தவுடன் இரண்டாவது கியரில் மிதிக்கும் அந்த நொடிதான் மலைப்பாதையில் ஒரு காரின் குணம் தெரியும் இடம். இழுவை போதாத வண்டி அங்கே துடிக்கும், முதல் கியருக்கு இறங்கச் சொல்லும். போதுமான வண்டி முனகாமல் ஏறிவிடும். போடிமெட்டு உயரத்தில் காற்று மெலிவதால் டர்போ இல்லாத எந்த எஞ்சினும் தன் திறனில் பத்து சதவீதத்துக்கு மேல் இழந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், 1.0 லிட்டருக்கும் 1.2 லிட்டருக்கும் உள்ள தூரம் காகிதத்தில் தெரிவதைவிட இங்கே பெரிது. வேகன் ஆரின் இந்த எஞ்சின் மேல்வகைகளில் மட்டுமே வருகிறது. ஷோரூம் விலை ஆறு லட்சத்தை ஒட்டி.

ஸ்விஃப்ட்டின் இடம் வேறு. வளைவில் சாயாமல் தரையோடு ஒட்டித் திரும்பும் வண்டி அது. 2005இல் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குணத்துக்காகவே வாங்கப்பட்டு வருகிறது. புதிய மாதிரியில் நாலு சிலிண்டர் மூன்றாகிவிட்டதால் எஞ்சினின் பழைய வழவழப்பு குறைந்திருக்கிறது, மைலேஜ் கூடியிருக்கிறது. 163 மில்லிமீட்டர் தரை இடைவெளி சமவெளிக்கும் தார்ச்சாலை மலைக்கும் போதும். சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஹைவேவிஸ் போகும் சாலையிலும் பிரச்சினை இல்லை. ஹைவேவிஸுக்கு அப்பால் மகாராஜாமெட்டு நோக்கிப் போகும் எஸ்டேட் பாதையில் அடி தட்டும். தோட்டத்துக்குள் தினமும் போக வேண்டியவர் 180 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள க்விட், எஸ்-பிரஸ்ஸோ, டாடா பஞ்ச் போன்றவற்றைப் பார்ப்பது நல்லது. இன்னும் மோசமான பாதை என்றால் எந்தச் சின்னக் காரும் வேண்டாம், ஜீப்தான். போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் மஹிந்திரா ஜீப்புகள் முப்பது வருடப் பழசாகியும் ஓய்வு பெறாததற்குக் காரணம் உண்டு.

பள்ளத்தாக்குக்கே உரிய இன்னொரு சோதனை காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியாக உள்ளே பாய்வதால்தான் தேனி, ஆண்டிபட்டி சுற்றுவட்டாரத்தில் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடி மாதம் அந்தத் திறந்தவெளிச் சாலையில் எண்பதில் போகும்போது, உயரமும் எடைக் குறைவும் உள்ள கார் பக்கவாட்டில் தள்ளப்படுவதை ஸ்டியரிங்கில் கை உணரும். எதிரே வரும் லாரி ஒரு கணம் காற்றை மறைத்து, கடந்ததும் மறுபடி விடும்போது வண்டி ஓரடி நகர்ந்துவிடும். மலையில் முதலிடம் பிடித்த வேகன் ஆர் இந்தச் சோதனையில் பின்னால் போகிறது. தாழ்ந்து அகன்று நிற்கும் ஸ்விஃப்ட், டியாகோ, நியோஸ் மூன்றும் இங்கே நிதானமாகப் போகும். தினமும் ஆண்டிபட்டி கணவாய் தாண்டி மதுரைக்கு ஓட்டுபவர், மைலேஜைக் கேட்பதற்கு முன்பே இதைக் கேட்க வேண்டும்.

டியாகோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியது அதன் உடல் உறுதி. 2020இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு நட்சத்திரம் பெற்றது. அதே அமைப்பு 2023 ஏப்ரலில் வெளியிட்ட முடிவுகளில் ஆல்ட்டோ கே10 பெரியவர்கள் பாதுகாப்புக்கு இரண்டு நட்சத்திரம், வேகன் ஆர் ஒன்று. குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டுமே பூஜ்யம். அதற்குப் பிறகு 2025இல் இரண்டிலும் எல்லா வகைக்கும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டன. அது நல்ல மாற்றம். ஆனால் ஏர்பேக் வேறு, மோதலில் நசுங்காத கூடு வேறு. ஸ்விஃப்ட்டின் செடான் உருவமான டிசையர் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. அதைக் கொண்டு ஸ்விஃப்ட்டுக்கும் அதே மதிப்பெண் போட முடியாது. இருவழிச்சாலையில் பஸ்ஸையும் டிராக்டரையும் முந்திக்கொண்டு ஓட்ட வேண்டிய ஊர் இது. தேனி–குமுளி நெடுஞ்சாலையில் புறவழிச்சாலைகள் வந்தபின் வேகமும் கூடியிருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் மைலேஜுக்கு வாதாடும் குடும்பங்கள் இந்த நட்சத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வண்டி எடுப்பது வருத்தமான விஷயம். ஐந்து லட்சத்துக்குள் தொடங்கும் கார்களில் டியாகோ முதல் மரியாதைக்கு உரியது. மூன்று சிலிண்டர் எஞ்சினின் அதிர்வையும் மாருதியைவிடக் கொஞ்சம் குறைவான மைலேஜையும் அதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஏ.எம்.டி. வேண்டுமா? 2014இல் செலெரியோதான் இதை மலிவாக இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. கிளட்ச் இல்லாமல் ஓட்டுவது ஊருக்குள் சுகம்; மேனுவலைவிட மைலேஜும் சற்றுக் கூடுதலாக அறிவிக்கப்படுகிறது. மலையில் அது தடுமாறும். வளைவுக்கு நடுவில் எந்தக் கியர் என்று அது யோசிக்கும் அரை நொடியில் வண்டியின் ஓட்டம் செத்துவிடும். லீவரைத் தட்டி மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டில் பிடித்து வைத்தால் சமாளிக்கலாம். சபரிமலை சீசனில் கம்பம்மெட்டு வழியாகப் போய் குமுளி வழியாகத் திரும்பும்படி ஒருவழிப்பாதை ஆக்குவார்கள். அந்த நெரிசலில் ஏற்றத்தில் நின்று நின்று நகரும்போது, பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு வசதி ஏ.எம்.டி. காருக்குக் கட்டாயம் வேண்டும். மலையை விரும்பி ஓட்டுபவர்களுக்கு மேனுவலே துணை.

டீசல் இந்த மலைகளுக்கென்றே செய்தது போல இருந்த காலம் ஒன்று உண்டு. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் எஞ்சின் பழைய ஸ்விஃப்ட்டில் 75 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் இழுவையும் கொடுத்தது. இன்றைய ஸ்விஃப்ட் பெட்ரோலின் இழுவை 112தான். குஜராத்தில் தயாரான ஃபோர்டு ஃபிகோவின் 1.5 டீசல் 100 குதிரைத்திறனோடு ஏற்றத்தை ஏற்றமாகவே நினைக்காத வண்டி. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததும் மாருதி டீசலைக் கைவிட்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. புதிதாக டீசல் ஹேட்ச்பேக் வேண்டுமென்றால் டாடா ஆல்ட்ரோஸ்தான் மிச்சம், அதுவும் இந்தப் பட்டியலின் விலைக்கு மேலே.

ஆகவே பழைய டீசல் ஸ்விஃப்ட்டையும் ஃபிகோவையும் தேடி வாங்குபவர்கள் இங்கே குறையவில்லை. தேர்வு தவறில்லை, பார்த்து வாங்க வேண்டும். டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் மூன்றும் செலவு வைக்கும் இடங்கள். மலையில் பழகிய வண்டியில் கிளட்ச் சீக்கிரம் தேய்ந்திருக்கும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் உடனே அணைய வேண்டும், அணையாமல் உறுமினால் கிளட்ச் போய்விட்டது. எல்லைக்கு அப்பாலிருந்து கே.எல். பதிவு வண்டி மலிவாக வந்தால் தடையில்லாச் சான்றும் தமிழ்நாட்டு வரியும் சேர்த்து விலை போட வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் மூழ்கின. அந்த வருடத்துக்கு முந்தைய வண்டி என்றால் தரை விரிப்பைத் தூக்கி, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சி.என்.ஜி. காகிதத்தில் கவர்ச்சியானது: வேகன் ஆருக்குக் கிலோவுக்கு 34 கிலோமீட்டர், ஆல்ட்டோவுக்கு 33.85. சமவெளியில் நிறைய ஓட்டுபவருக்குச் சரி. ஆனால் 67 குதிரைத்திறன் 57 ஆகிவிடும், எடை கூடிவிடும், பெரும்பாலான வண்டிகளில் டிக்கி போய்விடும். மலையில் பெட்ரோலுக்கு மாற்றித்தான் ஏற வேண்டியிருக்கும். வீட்டுக்கு அருகில் பங்க் எங்கே இருக்கிறது, அங்கே எவ்வளவு நேரம் வரிசையில் நிற்க வேண்டும் என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

மின்சாரக் காரின் மலைக்கணக்கு வியப்பானது. 2022இல் வந்த டியாகோ இ.வி.யின் சின்ன பேட்டரி 19.2 யூனிட் கொள்ளும். போடியிலிருந்து மெட்டு ஏறினால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துவிடும். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காகி, செலவானதில் ஒரு பகுதியைத் திரும்ப நிரப்பும். பெட்ரோல் காரில் சூடாகக் காற்றில் போகும் ஆற்றல் இங்கே பேட்டரிக்கு வருகிறது. முதல் கணத்திலிருந்தே முழு இழுவை கிடைப்பதால் கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியேறுவதில் எந்தச் சின்னப் பெட்ரோல் காரும் அதற்கு ஈடில்லை. வீட்டில் 15 ஆம்பியர் பிளக் வைத்திருந்து, தினம் நூறு கிலோமீட்டருக்குள் போய்வருபவருக்கு மூன்று ஆசையையும் ஒன்றாகத் தரக்கூடியது இதுதான். விலை மட்டும் இன்னும் பெட்ரோல் டியாகோவைவிட லட்சக்கணக்கில் மேலே நிற்கிறது.

இத்தனைக்கும் பிறகு யாருக்கு எது? இரண்டு மூன்று பேர், பெரும்பாலும் சமவெளி, கையில் நாலரை லட்சம் என்றால் ஆல்ட்டோ கே10 மேனுவல். தனியாகவோ இருவராகவோ மலையேறும்போது அதன் எடைக் குறைவு தரும் துள்ளலை இதைவிட அதிக விலைக் கார்களிலும் காண்பது அரிது. குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் அதிகம் போகும் குடும்பத்துக்கு டியாகோ. மாதம் இருமுறை முழுக் குடும்பமும் மூட்டை முடிச்சும் மெட்டு ஏற வேண்டுமென்றால் வேகன் ஆர் 1.2, அதன் நட்சத்திரக் குறையைத் தெரிந்துகொண்டு. ஓட்டுவதே பிடிக்கும், ஆனால் வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பவருக்கு ஸ்விஃப்ட் மேனுவல். மூன்று தேவையையும் ஏறத்தாழச் சமமாக நிறைவு செய்வது அதுதான் என்பது இந்தக் கட்டுரையின் முடிவு.

எதுவாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் ஓட்டிப் பார்க்கும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். தேனி பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, விற்பனையாளர் பக்கத்தில் உட்கார, இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவதில் எதுவும் தெரியாது. வீட்டில் உள்ள நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யைப் போட்டு, போடி வழியாக முந்தல் வரை போய், முதல் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளையாவது ஏறிப் பார்க்கக் கேட்கலாம். ஷோரூமில் மறுத்தால், அதே மாதிரிக் கார் வைத்திருக்கும் உறவினரையோ நண்பரையோ பெட்ரோல் போட்டுத் தருவதாகச் சொல்லி அழைத்துப் போகலாம். வளைவின் நடுவில் ஒருமுறை வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பார்க்க வேண்டும். பின்சீட்டில் இருக்கும் பெரியவருக்கு முட்டி இடிக்கிறதா, வளைவில் தலை சுற்றுகிறதா என்று கேட்க வேண்டும். திரும்பி இறங்கும்போது இரண்டாவது கியர் வண்டியை எவ்வளவு பிடிக்கிறது, பிரேக் மிதி மென்மையாகிறதா என்று கவனிக்க வேண்டும். முடிந்தால் இருட்டிய பிறகு இன்னொரு முறை: சில அடிப்படை வகைகளின் முகப்பு விளக்கு நெடுஞ்சாலைக்குப் போதும், வளைவின் உள்பக்கத்தைக் காட்டாது.

வண்டி வந்த பிறகு மலையேறும் நாள் காலையில், டயர் சூடேறுவதற்கு முன், காற்றை ஓட்டுநர் பக்கக் கதவில் ஒட்டியுள்ள அளவுக்குப் பார்த்து வைக்க வேண்டும். முழு ஆள் ஏறினால் பின் டயருக்குக் கூடுதல் அளவு அதே ஸ்டிக்கரில் தனியாக எழுதியிருக்கும். குமுளி போகிறவர்கள் கூடலூரிலேயே டாங்கை நிரப்பிக்கொள்ளலாம். மேலே கேரளத்தில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம்.